கடிதங்களால் எழுந்த கல்லூரி: தாமஸ் ஜெஃபர்சனும் வர்ஜீனியா பல்கலைக்கழகமும், 1805–1826

1820-ஆம் ஆண்டில் மட்டும் தாமஸ் ஜெஃபர்சனுக்கு வந்த கடிதங்கள் 1,267. தன் பதிவேட்டைப் புரட்டி அவரே எண்ணி, 1822 ஜூனில் இன்னொரு முன்னாள் ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸுக்கு எழுதிய கணக்கு இது. அப்போது அவருக்கு 79 வயது. அமெரிக்க ஜனாதிபதி பதவியிலிருந்து இறங்கி 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1786-இல் பாரிஸில் முறிந்த வலது மணிக்கட்டு கடைசிவரை சரியாகவில்லை. 1822 நவம்பரில் இடது கையும் முறிந்தது. இந்தக் கைகளை வைத்துக்கொண்டு சார்லட்ஸ்வில் என்ற சிற்றூரின் ஓரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தை உண்டாக்கினார். சட்டமன்றத்தில் அவருக்கு ஓட்டு கிடையாது. கையில் பணமும் கிடையாது; சொந்தக் கடனே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. கல்லூரி தொடர்பாக அவர் நடத்திய காரியங்களில் பெரும்பாலானவை கடிதம் வழியாகவே நடந்தன.

அந்தக் கடிதங்களை அழகான மேற்கோள்களுக்காகப் படிப்பவர்கள் அதிகம். ஒரு நிர்வாகியின் வேலைத்தாள்களாக எடுத்து, எது பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்று பார்ப்பதே இந்த ஆய்வு. வரிசையாகப் படித்தால் ஒன்று தெளிவாகிறது. தெரிந்த ஒரு மனிதரிடம், குறிப்பிட்ட ஒரு காரியத்தை, குறிப்பிட்ட நாளுக்குள் கேட்ட கடிதங்கள் பெரும்பாலும் பலித்தன. முகம் தெரியாத மாணவர்களும் ஆசிரியர்களும் எப்படி நடக்க வேண்டும், எதை நம்ப வேண்டும் என்று முன்கூட்டியே வகுக்கப் பார்த்த கடிதங்கள் கைகொடுக்கவில்லை.

கடிதம் போய்வந்த வழி

1804 முதல் ஜெஃபர்சன் பாலிகிராஃப் என்ற இரட்டைப் பேனாக் கருவியில் எழுதினார். மரச்சட்டங்களால் இணைத்த இரண்டு பேனாக்கள். கை ஒன்றை நகர்த்த, மற்றது பக்கத்துத் தாளில் அதையே எழுதும். அசல் தபாலில் போகும், நகல் வீட்டில் தங்கும். இதோடு 1783 முதல் ஒரு கடிதப் பதிவேடும் வைத்திருந்தார்: யாருக்கு எழுதியது, யாரிடமிருந்து வந்தது, எழுதிய நாள், கைக்கு வந்த நாள். இன்று இரு தரப்புக் கடிதங்களையும் தேதிவாரியாகக் கோக்க முடிவதற்கும், தொலைந்துபோன கடிதம் எது என்று தெரிவதற்கும் இந்த இரண்டுமே காரணம்.

மறுமுனையில் இருந்தவர்களில் முக்கியமானவர் ஜோசப் கேபல். மாநில செனட்டர், சட்டமன்றம் கூடும்போது ரிச்மண்டில் இருப்பார். சார்லட்ஸ்வில்லிலிருந்து ரிச்மண்ட் சுமார் 70 மைல். அவை டிசம்பரில் கூடிப் பிப்ரவரி, மார்ச் வரை நடக்கும் என்பதால் கல்லூரி பற்றிய கடிதங்களும் அந்த மாதங்களில்தான் குவிகின்றன. கோடைக்காலத்தில் எழுதியவை கட்டடம், கொத்தனார், கல் பற்றியவை. குளிர்காலத்தில் எழுதியவை மசோதா, கடன், ஓட்டு பற்றியவை.

படிப்பவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கேபல் தனக்கு வந்த கடிதங்களைச் சட்டமன்ற உறுப்பினர்களிடம் காட்டுவார். அது ஜெஃபர்சனுக்கும் தெரியும். ஆகவே சில கடிதங்கள் பத்துப் பேர் படிப்பார்கள் என்று எண்ணி எழுதியவை, சில கேபலின் கண்ணுக்கு மட்டும். முதல் வகையில் பொதுநலனும் எதிர்காலச் சந்ததியும் பேசும். இரண்டாம் வகையில் யாரை எப்படி மடக்குவது என்ற கணக்கு இருக்கும். இரண்டையும் ஒரே எடையில் வைத்துப் படித்தால் ஜெஃபர்சன் ஒரு சமயம் மகானாகவும் ஒரு சமயம் சூழ்ச்சிக்காரராகவும் தெரிவார். இந்த இருவரின் கல்லூரிக் கடிதங்கள் 1856-இல் ரிச்மண்டில் அச்சானபோது இரண்டு வகையும் ஒரே தொகுப்பில் சேர்ந்துவிட்டன.

கட்டடத்துக்கு முன் வந்த திட்டம்

1805 ஜனவரியில், இன்னும் ஜனாதிபதியாக இருக்கும்போதே, வர்ஜீனியா அரசியல்வாதி லிட்டில்டன் வாலர் டாஸ்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில் மூலக்கருத்து வந்துவிடுகிறது: பல்கலைக்கழகம் ஒரே பெரிய வீடாக இருக்கக் கூடாது, ஒரு கிராமமாக இருக்க வேண்டும். 1810 மே 6-இல் கிழக்கு டென்னஸி கல்லூரியின் அறங்காவலர்களுக்கு எழுதியபோது இதை விரித்தார். இந்தக் கடிதத்தை நிறுத்திப் படிக்க வேண்டும், ஏனென்றால் பின்னால் சார்லட்ஸ்வில்லில் எழுந்தது ஏறக்குறைய இதுதான்.

பெரிய ஒற்றைக் கட்டடம் கட்டுவது தவறான வழக்கம் என்கிறார். அதற்குப் பதில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் தனித்தனியாகச் சிறிய வீடு. கீழே வகுப்பு நடத்த ஒரு கூடம், மேலே அவர் தங்க இரண்டு அறைகள். வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே மாணவர் அறைகள் வரிசையாக. மழையில் நனையாமல் போய்வர எல்லாவற்றையும் இணைக்கும் கூரையிட்ட நடைபாதை. நடுவில் புல்லும் மரமுமாகத் திறந்த சதுக்கம். காரணங்களையும் சொல்கிறார்: தீப்பிடித்தால் ஒன்றோடு போகும், தொற்றுநோய் பரவாது, கூச்சலும் அழுக்கும் நாற்றமும் ஓரிடத்தில் தேங்காது. தன் வீட்டை ஒட்டிய அறைகளிலுள்ள மாணவர்களுக்குப் பேராசிரியரே காவல்காரர் என்பதும் இதில் உண்டு. ஒழுங்கை அக்கம்பக்கத்தார் நெருக்கமே பார்த்துக்கொள்ளும் என்று அப்போதே நம்பிவிட்டார். பின்னால் சிக்கல் முளைத்தது இந்த இடத்தில்தான்.

பணம் குறைவாக இருக்கிறதா, முதலில் ஒரு வீடும் சில அறைகளும் கட்டு, பணம் வரவர நீட்டிக்கொண்டே போ. முழுத் தொகையும் கைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த நடைமுறைச் சாமர்த்தியத்தைப் பலர் கவனிப்பதில்லை.

1814 மார்ச்சில் ஆல்பெமார்ல் அகாடமியின் அறங்காவலர் ஆனார். 1803-இல் சட்டம் நிறைவேறியும் அது காகிதத்தில் மட்டுமே இருந்த பள்ளி. அந்தக் குழுவின் தலைவர் அவருடைய சகோதரி மகன் பீட்டர் கார். 1814 செப்டம்பர் 7-இல் காருக்கு எழுதிய நீண்ட கடிதம், ஒரு மாவட்டப் பள்ளியைப் பற்றிய விஷயத்தை எடுத்துக்கொண்டு, தொடக்கப் பள்ளி, பொதுப் பள்ளி, தொழிற்கல்வி என்று மூன்று படிகள் கொண்ட மாநிலக் கல்வித் திட்டமாக வளர்த்துவிடுகிறது. 1816 பிப்ரவரியில் அகாடமி 'சென்ட்ரல் காலேஜ்' ஆயிற்று. 1819 ஜனவரி 25-இல் அது வர்ஜீனியா பல்கலைக்கழகம் ஆயிற்று. சட்டமன்றத்திடம் ஒரே தாவலில் பல்கலைக்கழகம் கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. இருக்கும் ஒன்றுக்குப் பெயர் மாற்றம், பிறகு அதிகார மாற்றம் என்று படிப்படியாகக் கேட்டதால் ஒவ்வொரு படியும் சிறிதாகத் தெரிந்தது.

சென்ட்ரல் காலேஜ் வாரியத்தில் ஜெஃபர்சனோடு ஜேம்ஸ் மாடிசன், ஜேம்ஸ் மன்றோ, கேபல், ஜான் ஹார்ட்வெல் காக், டேவிட் வாட்சன் இருந்தார்கள். ஒரு சிறு கல்லூரிக்கு மூன்று ஜனாதிபதிகள். 1817 அக்டோபர் 6-இல் முதல் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது மன்றோ பதவியில் இருந்த ஜனாதிபதி.

இடம் எது என்ற சண்டை 1818 ஆகஸ்ட் 1 முதல் 4 வரை ராக்ஃபிஷ் கணவாயில் ஒரு விடுதியில் தீர்ந்தது. 24 ஆணையர்களில் 21 பேர் வந்தார்கள். லெக்சிங்டன், ஸ்டான்டன், சார்லட்ஸ்வில் மூன்றும் போட்டி. ஜெஃபர்சன் பேசி வெல்லப் பார்க்கவில்லை. மாநில வரைபடத்தையும் மக்கள்தொகைக் கணக்கையும் விரித்து, நடுவில் இருப்பது சார்லட்ஸ்வில்தான் என்று காட்டினார். அவர் எண்ணியது வெள்ளையர் மக்கள்தொகையை மட்டும்; அறிக்கையிலேயே அப்படித்தான் இருக்கிறது. ஓட்டு சார்லட்ஸ்வில்லுக்கு 16, லெக்சிங்டனுக்கு 3, ஸ்டான்டனுக்கு 2. அதன் பிறகும் ரிச்மண்டில் எதிர்ப்பு ஓயவில்லை. ஒவ்வொருவராகப் பார்த்து மசோதாவைக் கரைசேர்த்தவர் கேபல்.

கல், செங்கல், கடிதத்தில் இல்லாதவர்கள்

கட்டடம் வரைவதில் தேர்ந்த இருவருக்கு, 1817 மே 9-இல் வில்லியம் தார்ன்டனுக்கும், ஜூன் 12-இல் பெஞ்சமின் லாட்ரோப்புக்கும், ஏறக்குறைய ஒரே கேள்வியை அனுப்பினார். வீடுகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது, கட்டடக்கலை பாடம் நடத்துபவர் கைகாட்டி விளக்கும் மாதிரிகளாக அவை இருக்க வேண்டும். அதற்கு முகப்பு வரைந்து தாருங்கள். தார்ன்டனின் யோசனை முதல் கட்டடத்தில் இருக்கிறது. லாட்ரோப்பின் பதிலில் ஜெஃபர்சனின் திட்டத்தில் இல்லாத ஒன்று வந்தது: சதுக்கத்தின் தலைமாட்டில் பெரிய கட்டடம் ஒன்று. அதுவே ரோமின் பாந்தியன் என்ற பழங்கோயிலைப் பாதியளவில் எடுத்த ரோட்டண்டா, விட்டம் 77 அடி. தேவாலயம் இருக்க வேண்டிய நடுவிடத்தில் நூலகம் வந்தது. பிறர் சொன்ன நல்ல யோசனையை உடனே எடுத்துக்கொள்வது, கடிதம் எழுதும் ஜெஃபர்சனின் பெரிய பலம்.

தவறிப்போனவையும் உண்டு. தூண் தலைப்புகளைச் செதுக்க இத்தாலியிலிருந்து ஜாக்கோமோ ராஜ்ஜி, மிக்கேலே ராஜ்ஜி என்ற இரண்டு சிற்பிகள், லிவோர்னோவில் இருந்த அமெரிக்கத் துணைத்தூதர் தாமஸ் ஆப்பிள்டன் வழியாக, 1819-இல் வந்து சேர்ந்தார்கள். ஆள் வந்த பிறகுதான் உள்ளூர்க் கல்லைச் சோதித்தார்கள். அந்தக் கல்லில் கொரிந்திய வகையின் நுட்பமான இலைவேலை நிற்கவில்லை. பயணச் செலவும் சம்பளமும் கொடுத்து வரவழைத்த சிற்பிகளுக்கு ஏற்ற வேலை இல்லாமல் போக, மறுபடி ஆப்பிள்டனுக்கு எழுதி, கராராப் பளிங்கில் இத்தாலியிலேயே செதுக்கிய தலைப்புகளைக் கப்பலில் தருவிக்க வேண்டியதாயிற்று. முதலில் கல், பிறகு ஆள் என்ற வரிசை மாறியதால் வந்த செலவு இது. உள்ளூர்க் கல்லின் ஒரு மாதிரித் துண்டை முன்கூட்டியே இத்தாலிக்கு அனுப்பியிருந்தால் போதும்.

பாம்புபோல் வளைந்து ஓடும் தோட்டச் சுவர்கள் வேறு கதை. கனம் ஒரே ஒரு செங்கல். அந்தக் கனத்தில் நேர்ச்சுவர் எழுப்பினால் காற்றுக்கே சாயும். வளைவு தனக்குத் தானே முட்டுக்கொடுத்து நிற்கும். இதற்கு எத்தனை செங்கல் மிச்சம் என்று ஜெஃபர்சன் கணக்குப் போட்டிருக்கிறார்.

அந்தச் செங்கலை அறுத்துச் சுட்டவர்கள் பெரும்பாலும் அடிமைகள். நிலத்தைச் சமன் செய்தது, மண் சுமந்தது, மரம் அறுத்தது என்று எல்லா வேலையிலும் இருந்தார்கள். உரிமையாளர்களிடமிருந்து ஆண்டு வாடகைக்கு எடுக்கப்பட்டவர்கள் பலர். 1819 முதல் கட்டுமானத்தை நடத்திய பிராக்டர் ஆர்தர் பிராக்கன்பரோவின் கணக்கேடுகளில் அவர்கள் பெயர்கள் கிடைக்கின்றன. ஜெஃபர்சனின் கடிதங்களில் கொத்தனார், தச்சர், சிற்பி எல்லாரும் பெயரோடு வருகிறார்கள். இவர்கள் அநேகமாக வருவதில்லை. கடிதங்களை மட்டும் நம்பி இந்தக் கல்லூரியின் கட்டுமான வரலாற்றை எழுதினால், கட்டியவர்களில் பெரும்பங்கு காணாமல் போய்விடும். கடிதத்தையும் கணக்கேட்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

மொத்தத்தில் பத்து வீடுகள், மாணவர் சாப்பிட ஆறு உணவு விடுதிகள், இரண்டு பேர் தங்கும் 109 அறைகள்.

பணம் கேட்ட கடிதங்கள்

மாநிலக் கல்வி நிதியிலிருந்து ஆண்டுக்கு 15,000 டாலர் மானியம். கட்டடத்துக்கு அது எந்த மூலைக்கும் போதாது. 1820, 1821, 1823 ஆகிய மூன்று ஆண்டுகளில் ஒவ்வொரு முறையும் 60,000 டாலர் கடன் அனுமதி வாங்கினார்கள். மானியத்தின் பெரும்பகுதி வட்டிக்கே போயிற்று. 1824-இல்தான் அந்தச் சுமையிலிருந்து சட்டமன்றம் விடுவித்தது.

உறுப்பினர்களின் கோபம் நியாயமானது: ஆண்டுக்கு ஆண்டு பணம் கேட்கிறீர்கள், ஒரு மாணவன்கூட உள்ளே வரவில்லையே. ஜெஃபர்சனின் பதில் பிடிவாதமானது. அரைகுறையாகத் திறந்தால் வரும் பணமெல்லாம் பேராசிரியர் சம்பளத்துக்குப் போய்விடும். மீதிக் கட்டடம் என்றைக்கும் எழாது. முதல்தரப் பேராசிரியர்களும் வரமாட்டார்கள். ஆகவே எல்லாம் முடிந்த பிறகே திறப்பு. பாதி கட்டிய கட்டடத்தைக் காட்டி மீதிக்குப் பணம் கேட்பது சட்டமன்றத்தை வழிக்குக் கொண்டுவரும் உபாயமும்கூட. கடன் கொடுத்தவர் கட்டடத்தைப் பாழாக விடமாட்டார். இதை வெளிப்படையாகச் சொல்லாமல் செய்தார். பலித்தது.

1821 தொடக்கத்தில் எல்லாம் முறிந்துவிடும்போல் ஆயிற்று. கேபலின் நுரையீரல் நலிந்திருந்தது. இனி தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று எழுதிவிட்டார். ஜனவரி 31-இல் ஜெஃபர்சன் எழுதிய பதில்தான் இந்தத் தொகுப்பிலேயே கனமான கடிதம். கல்லூரி திறப்பதைக் காண நான் உயிரோடு இருக்கமாட்டேன் என்று தொடங்குகிறார். நண்பர்கள் விலகுவதைக் கைவிட்டு ஓடுவது என்ற கடுஞ்சொல்லாலேயே குறிக்கிறார். இயற்கை தந்த ஒரே வாழ்நாளில் உடலையும் காலத்தையும் உழைப்பையும் இதைவிட எதில் செலவிடலாம் என்று கேட்கிறார். விலகத் தகுதியுள்ளவர் யாராவது உண்டென்றால், நாற்பது ஆண்டுப் பணியை எப்போதோ முடித்துவிட்ட நான்தான். ஆனாலும் கடைசி அகழியில் நின்று சாவேன், நீங்களும் அப்படியே நிற்பீர்கள் என்று நம்புகிறேன் என்கிறார். பிப்ரவரி 8-இல் கேபல் எழுதினார்: இப்படிப்பட்ட வேண்டுகோளை மறுக்கும் மனம் எனக்கில்லை. மறுபடி நின்றார். 1829 வரை செனட்டில் இருந்தார்.

இதே கடிதத்தில் மேற்கோள் தேடுபவர்கள் விட்டுவிடும் பகுதி ஒன்றும் இருக்கிறது. தெற்கின் இளைஞர்கள் ஹார்வர்டு போன்ற வடக்குக் கல்லூரிகளுக்குப் போய், மிஸ்ஸூரியில் அடிமைமுறையைத் தடுக்க வேண்டும் என்ற கட்சியின் பாடத்தைக் கற்று வருகிறார்கள் என்ற கவலை. 1819–1821-இல் நாடே பிளந்து நின்ற சச்சரவு அது. அறிவொளிக்காக மட்டும் எழுந்த கல்லூரி இது என்று சொல்ல முடியாது; அடிமைமுறை மாநிலத்தின் அரசியலைக் காப்பதும் பணம் திரட்டப் பயன்பட்ட வாதங்களில் ஒன்று. இரண்டும் ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் இருக்கின்றன.

1823 ஜனவரி 13 கடிதத்தில், தொடக்கப் பள்ளிகளா பல்கலைக்கழகமா என்று ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியுமென்றால் பல்கலைக்கழகத்தை விட்டுவிடுவேன் என்கிறார். சிலர் பெரும் அறிவாளிகளாகவும் பலர் அறியாமையிலும் இருப்பதைவிட, மக்கள் எல்லாரும் ஓரளவு கற்றிருப்பது நல்லது என்பது காரணம். நெஞ்சிலிருந்து வந்த சொல்தான் என்று நம்பலாம். ஆனால் அந்த ஆண்டே மூன்றாவது 60,000 டாலர் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தது.

உபாயத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு வில்லியம் அண்ட் மேரி கல்லூரி விவகாரம். ஜெஃபர்சன் படித்த பழைய கல்லூரி அது. 1824-இல் அதை வில்லியம்ஸ்பர்க்கிலிருந்து தலைநகர் ரிச்மண்டுக்கு மாற்றப் பார்த்தார்கள். சார்லட்ஸ்வில்லுக்கு அது சரியான போட்டியாகியிருக்கும். இடம் மாற்றுவதை எதிர்த்து வாதாடிக்கொண்டிருக்காமல் ஜெஃபர்சன் கேபலுக்கு ஒரு மசோதாவை எழுதி அனுப்பினார்: இடம்பெயர்வது என்று வந்துவிட்டால் அந்தக் கல்லூரியின் சுமார் 100,000 டாலர் சொத்தை ஒரே ஊருக்கு ஏன் தர வேண்டும், மாநிலம் முழுக்கப் பத்து வட்டாரக் கல்லூரிகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். தன் ஊருக்கு ஒரு கல்லூரி வரும் என்ற எண்ணம் ஒவ்வொரு உறுப்பினர் மனதிலும் விழுந்தது. பங்கு கிடைக்காவிட்டாலும் ரிச்மண்டுக்கு மொத்தமும் போவதில் யாருக்கும் விருப்பம் இல்லாமல் போயிற்று. 1825 பிப்ரவரியில் இடமாற்ற மசோதா தோற்றது. பத்துக் கல்லூரிகள் வரவே இல்லை.

கூப்பர் விவகாரம்

கடிதம் கைகொடுக்காத முதல் பெரிய இடம் இது. வேதியியலுக்கு தாமஸ் கூப்பரை நியமித்தார்கள். லண்டனில் பிறந்தவர், 1800-இல் தேசத்துரோகப் பேச்சுச் சட்டத்தில் சிறை சென்றவர், கூர்மையான அறிவாளி. மதத்தில் பொருள்முதல்வாதி. 1820 ஜனவரியில் பிரஸ்பிட்டேரியன் பாதிரியார் ஜான் ஹோல்ட் ரைஸ் தன் பத்திரிகையில் கூப்பரின் பழைய எழுத்துகளை எடுத்துப்போட்டுத் தாக்கினார். வாரியத்துக்குள்ளேயே காக்குக்கு உடன்பாடில்லை. அந்த ஆண்டே கூப்பர் விலகித் தென் கரோலினாக் கல்லூரிக்குப் போனார்.

1820 ஏப்ரல் 11-இல் போர்ச்சுகீசியத் தாவரவியலாளர் கொரேயா த செராவுக்கு எழுதிய கடிதத்தில், சூனியக்காரிகள் விடியலுக்கு அஞ்சுவதுபோல இந்தப் பாதிரியார்கள் அறிவியலுக்கு அஞ்சுகிறார்கள் என்று கொதிக்கிறார். இது நண்பருக்கு. வெளியே செய்தது வேறு: 1822-இல் வாரிய அறிக்கை, எல்லா மதப்பிரிவுகளும் பல்கலைக்கழக எல்லையை ஒட்டித் தங்கள் இறையியல் பள்ளிகளை வைத்துக்கொள்ளலாம், மாணவர்கள் இரண்டுக்கும் போகலாம் என்று அழைத்தது. யாரும் வந்து கட்டவில்லை. ஆனால் மதவிரோதக் கல்லூரி என்ற குற்றச்சாட்டின் கூர்மை மழுங்கியது. சிக்கலின் வேர், பத்திரிகையில் எதிர்ப்பு எழும் என்று முன்பே கணக்கிடாமல் சர்ச்சைக்குரிய ஒருவரை முதல் நியமனமாக வைத்தது. கேபல் வழியாகச் சட்டமன்ற உறுப்பினர்களைச் சமாளித்த முறை, ஞாயிற்றுக்கிழமைதோறும் பிரசங்கம் கேட்கும் ஆயிரம் குடும்பங்களிடம் செல்லுபடியாகவில்லை.

பேராசிரியர்களும் புத்தகங்களும்

1824 மே மாதத்தில் பிரான்சிஸ் வாக்கர் கில்மர் என்ற இளம் வழக்கறிஞரை அறிமுகக் கடிதங்களோடு பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். நவம்பரில் திரும்பினார். ஜார்ஜ் லாங், தாமஸ் ஹெவிட் கீ, சார்லஸ் பானிகாசில், ராப்லி டங்லிசன், ஜார்ஜ் பிளாட்டர்மன் என்று ஐந்து பேரைப் பிடித்திருந்தார். ஆடம்ஸுக்கு இது பிடிக்கவில்லை. அமெரிக்காவிலேயே ஆள் இருக்கிறது என்று எழுதினார். அமெரிக்காவிலிருந்து ஜான் பேட்டன் எம்மெட்டும் ஜார்ஜ் டக்கரும் வந்தார்கள். நூலகத்துக்கு 6,860 தொகுதிகள் கொண்ட பட்டியலை ஜெஃபர்சனே தயாரித்து, 24,076 டாலர் மதிப்பிட்டு, பாஸ்டன் புத்தக வணிகர் வில்லியம் ஹில்லியர்டிடம் கொடுத்தார்.

பிப்ரவரி 1-இல் திறப்பதாகத் திட்டம். மூன்று பேராசிரியர்கள் வந்த கப்பல் தாமதமானதால் 1825 மார்ச் 7-இல்தான் வகுப்பு தொடங்கியது. கட்டணம் ஒரு பேராசிரியரிடம் படித்தால் 50 டாலர், இருவரிடம் என்றால் தலைக்கு 30, மூவரிடம் என்றால் தலைக்கு 25. எந்தப் பாடத்தைப் படிப்பது என்பது மாணவன் விருப்பம். ஹார்வர்டிலிருந்தும் ஏறக்குறைய மற்ற எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் இதில் நாங்கள் விலகுவோம் என்று 1823 ஜூலை 16-இல் ஹார்வர்டு பேராசிரியர் ஜார்ஜ் டிக்னருக்கு எழுதியிருந்தார். இன்று சாதாரணமாகத் தெரியும் இந்த விருப்பப் பாடமுறை அன்று பெரிய துணிச்சல்.

மணி வாங்கியதிலும் அதே நுணுக்கம். பேத்தி எலனை மணக்கவிருந்த ஜோசப் கூலிட்ஜ் பாஸ்டன்காரர். 1825 ஏப்ரல் 12-இல் அவருக்கு எழுதுகிறார்: இரண்டு மைல் தூரம் கேட்கும் மணி வேண்டும், அப்போதுதான் சார்லட்ஸ்வில்லில் எந்நாளும் கேட்கும்.

1825 அக்டோபர் 1

ஒழுங்கு பற்றி அவருக்கு அச்சம் இருந்தது. 1822 நவம்பர் 2-இல் கூப்பருக்கு எழுதும்போது, அமெரிக்கக் கல்வியில் மிகக் கடினமானது இதுதான், பிள்ளைகளின் அகாலச் சுதந்திர உணர்வைப் பெற்றோர் அடக்குவதில்லை, முன்னால் தெரியும் பாறை இது, கடப்போமா என்று நம்பிக்கை இல்லை என்கிறார். இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் 1824 அக்டோபர் விதிகளில் எதிர்த்திசையில் போனார். மாணவனிடம் சாட்சியம் கேட்டால் அது அவன் விருப்பம். சத்தியப் பிரமாணம் கிடையாது. சொல்வதா வேண்டாமா என்பது அவன் மனச்சாட்சி.

1825 அக்டோபர் 13-இல் கூலிட்ஜுக்கு எழுதிய கடிதத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறார். அக்டோபர் 1 இரவு மது அருந்திய 14 மாணவர்கள் முகமூடி போட்டுக்கொண்டு சதுக்கத்தில் கூச்சலிட்டார்கள். சத்தம் கேட்டு வெளியே வந்த இரண்டு பேராசிரியர்களை வசைபாடினார்கள். செங்கல் துண்டுகள் பறந்தன. பேராசிரியர்கள் ஆளுக்கொருவனைப் பிடித்துப் பெயர் கேட்டார்கள். அவர்கள் கூட்டாளிகளைக் கூப்பிட்டுத் திமிறி ஓடினார்கள். மறுநாள் ஆசிரியர் குழு எல்லாரையும் கூட்டி, கடுமையான மொழியில், குற்றவாளிகளைக் காட்டிக்கொடுக்கச் சொன்னது. மறுத்தார்கள். எழுத்தில் பதில் கொடுத்தார்கள், பேராசிரியர்கள் சொல்வதே பொய் என்று. கலவரத்தில் தொடர்பே இல்லாத, என்ன நடந்தது என்றே தெரியாத 50 பேரும் அதில் கையெழுத்துப் போட்டார்கள்.

கீயும் லாங்கும் ராஜினாமா கொடுத்தார்கள். தற்செயலாக அக்டோபர் 3 வாரியக் கூட்டம். மாணவர்களை ரோட்டண்டாவில் கூட்டினார்கள். 82 வயது ஜெஃபர்சன் எழுந்து, தன் வாழ்வின் மிக வேதனையான நிகழ்வுகளில் ஒன்று இது என்று தொடங்கி, மேலே பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டார். வாரிய உறுப்பினர் சாப்மன் ஜான்சன் தொடர்ந்து பேசினார். 14 பேரும் முன்வந்து ஒப்புக்கொண்டார்கள். மூவர் வெளியேற்றப்பட்டார்கள்; 11 பேருக்கு இடைநீக்கம் அல்லது கண்டனம்; 50 பேர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றார்கள். வெளியேற்றப்பட்ட மூவரில் ஒருவன் வில்சன் மைல்ஸ் கேரி, ஜெஃபர்சனின் உறவுப் பையன். 

ஏன் இப்படி ஆயிற்று என்று மாணவர்களின் குணத்தை மட்டும் சொல்வது போதாது. தோட்ட முதலாளிகளின் பிள்ளைகள் பலர். வீட்டில் கட்டளையிட்டுப் பழகியவர்கள். சாட்சி சொல்லக் கட்டாயமில்லை என்று விதியே சொல்லும்போது, காட்டிக்கொடு என்று ஆசிரியர் குழு கேட்டது விதிக்கும் நடைமுறைக்கும் இடையே நேர் மோதல். அங்கே கல்லூரித் தலைவர் என்ற பதவியே கிடையாது. அன்றாடத் தலைமை ஆசிரியர் குழுவிடம், இறுதி அதிகாரம் எப்போதாவது கூடும் வாரியத்திடம். அக்கம்பக்கத்தில் பேராசிரியர் வீடு இருந்தால் ஒழுங்கு தானாக வரும் என்ற 1810 எண்ணம் ஓர் இரவில் செங்கல் துண்டோடு முடிந்தது. வாரியம் அக்டோபரிலேயே விதிகளை இறுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் சீருடையும் வந்தது.

எதைக் கற்பிப்பது

1820 டிசம்பர் 27-இல் லிவர்பூலின் வில்லியம் ராஸ்கோவுக்கு எழுதிய வரிகள் புகழ்பெற்றவை: உண்மை எங்கே கொண்டுபோனாலும் பின்தொடர நாங்கள் அஞ்சுவதில்லை, மறுத்து வாதிடப் பகுத்தறிவுக்குச் சுதந்திரம் இருக்கும்வரை எந்தப் பிழையையும் பொறுத்துக்கொள்ள அஞ்சுவதில்லை. 1825 பிப்ரவரி 3-இல் கேபலுக்கு எழுதிய கடிதத்தில் வேறு குரல். மற்றப் பாடங்களில் நூலைப் பேராசிரியரே தேர்ந்தெடுக்கட்டும். அரசியல் பாடத்தில் மட்டும் ஆபத்தான கருத்துகள் புகுந்துவிடலாம், ஆகவே நூல்களை நாமே முன்கூட்டி விதிப்பது கடமை என்கிறார்.

மாடிசன் பிப்ரவரி 8-இல் மென்மையாக இடித்துரைத்தார்: நூல்களை விதித்துக் கட்டுப்படுத்துவது எளிதல்ல, தகுந்த ஆசிரியரைத் தேர்ந்தெடுப்பதே பயனுள்ள வழி, பட்டியல் ஒரு சாராருக்கு மட்டும் ஏற்புடையதாகத் தெரியாதிருக்க வாஷிங்டனின் விடைபெறும் உரையையும் சேருங்கள். மார்ச் 4 தீர்மானத்தில் அந்த உரை சேர்ந்தது. ஆனால் 1826 பிப்ரவரி 17-இல் மாடிசனுக்கு எழுதும்போதும், சட்டப் பேராசிரியரின் அரசியல் கொள்கையில் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்கிறார். ராஸ்கோ, வெளிநாட்டுக்காரர், அறிஞர். மாடிசன், கட்சித் தோழர். இரண்டும் உண்மையான ஜெஃபர்சன்தான் என்றாலும், கல்லூரியின் விதியாக மாறியது இரண்டாவது. மாடிசன் கடிதத்தை ஒதுக்கி ராஸ்கோ கடிதத்தை மட்டும் மேற்கோள் காட்டுவது நேர்மையான வாசிப்பாகாது.

அதே பிப்ரவரிக் கடிதத்தில்தான், நான் இறந்த பிறகு என்னைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று மாடிசனைக் கேட்கிறார். ஜூலை 4-இல் இறந்தார். மாடிசன் ரெக்டர், அதாவது வாரியத் தலைவர், ஆனார். சட்டப் பாடத்துக்கு ஜான் டேய்லோ லோமாக்ஸ் வந்தார். கீ 1827-இலும் லாங் 1828-இலும் இங்கிலாந்து திரும்பி, புதிதாகத் திறந்த லண்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள்.

ஒழுங்குச் சிக்கல் 1825-ஓடு தீரவில்லை. 1840 நவம்பரில் சதுக்கத்தில் முகமூடி அணிந்த மாணவன் ஒருவனைப் பிடிக்கப் போன சட்டப் பேராசிரியர் ஜான் டேவிஸ் சுடப்பட்டு இறந்தார். 1842-இல் சட்டப் பேராசிரியர் ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர் முன்வைத்தபடி, தேர்வில் யாரிடமும் உதவி பெறவில்லை என்று மாணவன் தன் மானத்தின் பேரில் எழுதிக் கையெழுத்திடும் முறை வந்தது. 1824 விதியில் இருந்த அதே நம்பிக்கைதான். இந்த முறை கேட்டது இன்னொருவனைக் காட்டிக்கொடுப்பதை அல்ல. அவனவன் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும். அது நிலைத்தது.